காற்றலைக்கும் கடைமடை உண்டு

மணிமுத்தாற்றுக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் வாழும் திசையன்விளை மக்களுக்கு, தலைமடைக்காரர் மிகுதியாக நீரைத் திருப்பிக்கொண்டால் கடைசி வயல் காய்ந்துபோகும் என்பதை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலைகளிலும் அதே நியதி நிலவுகிறது என்பதைப் பொதுஜனங்கள் அறிவது இன்று அவசியமாகிவிட்டது.

அண்டையிலுள்ள விஜயநாராயணத்தில் 1990 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பிவரும் கட்டபொம்மன் கடற்படைத் தளம் தனக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் இயங்குகிறது. நம் வீட்டு வைஃபைக்கு அத்தகைய தனியுரிமை கிடையாது. 2005இல் மத்திய அரசு உரிமமின்றி உபயோகிக்க அனுமதித்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது.

அதில் ஒழுங்கைக் காப்பது பரஸ்பர மரியாதை ஒன்றே. ஒவ்வொரு கருவியும் அலை ஓய்ந்திருக்கிறதா என்று முதலில் செவிமடுத்து, பின்னர் குலுக்கலில் விழுந்த எண்ணுக்கேற்பச் சில மைக்ரோ வினாடிகள் பொறுத்திருந்தே தன் செய்தியை அனுப்புகிறது. இரண்டு செய்திகள் மோதினால், காத்திருக்கும் எல்லையை இரட்டித்துக்கொண்டு மறுபடி முயல்கிறது. எப்போதும் சிறிய எண்ணே விழுமாறு ஒருவர் தம் கருவியைத் திருத்திவிட்டால், அண்டை வீட்டாரின் வேகம் அவருக்குப் போய்ச்சேரும். எல்லோரும் அவ்வாறே செய்தால், மோதலே மிஞ்சி, அவருக்கும் பிரயோஜனம் இராது.

இதனினும் பெருந்தீங்கு, செல்போன் சிக்னல் போதவில்லை என்று சிலர் மாடியில் பொருத்திக்கொள்ளும் ‘பூஸ்டர்’ கருவியால் விளைகிறது. அது கைபேசியின் சிக்னலை மட்டுமின்றி, அந்த அலைவரிசை முழுவதிலுமுள்ள இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கி அனுப்புவதால், தொலைவிலிருந்து வரும் மெலிந்த அழைப்புகள் அவ்விரைச்சலில் அமிழ்ந்துபோகின்றன. ஊருக்கு வெளியே பனங்காட்டோரம் வசிப்பவர் 108 ஆம்புலன்ஸை அழைக்கும் அழைப்பும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமே குற்றமாக்கியது. தொலைத்தொடர்புத் துறையின் கண்காணிப்புப் பிரிவு பல நகரங்களில் சோதனை நடத்தி இவற்றை அகற்றியும் வருகிறது.

மடையை அடைத்தவரை ஊரார் கண்டு கேட்டுவிடலாம். அலையைக் கெடுத்தவரோ, தாம் கெடுத்ததைத் தாமே அறியாதிருக்கிறார். ஆகையால் இங்கே தண்டனையைக் காட்டிலும் அறிவே முதல் தேவை.

சிக்னல் குறைந்தால், அதைச் சீர்செய்யும் கடமை செல்போன் கம்பெனியுடையது; அங்கே முறையிடலாம். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பின் வைஃபை வழியாகவே பேசலாம். நெருக்கமான தெருக்களில் ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம்; 2.4இலேயே இருப்பவர்கள், ஒன்றோடொன்று கலவாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். இவற்றுக்கு அதிகச் செலவில்லை. அடுத்த வீட்டாருக்கும் அலையில் சம உரிமை உண்டென்று ஒப்புக்கொள்ளும் மனம் போதும்.