புதிய டிரைவர் நிறுவியபின் கணினி எழ மறுக்கிறதா?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினியை இன்று காலை இயக்குகிறீர்கள். விண்டோஸின் சின்னம் திரையில் தோன்றுகிறது. அதன் கீழே வெண்புள்ளிகள் வட்டமிடுகின்றன. இதோ திறந்துவிடும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்வதற்குள் திரை நீலமாகிறது. வருத்தம் தெரிவிக்கும் இரண்டொரு வரிகளைக் காட்டிவிட்டு அணைந்துபோகிறது. பிறகு தானே எழுகிறது. மீண்டும் அதே இடத்தில் விழுகிறது. விண்டோஸ் 11இல் 2025ஆம் ஆண்டு அந்த நீலத் திரையைக் கறுப்பாக மாற்றினார்கள். நிறம் மாறியதே தவிர, அது தரும் அதிர்ச்சி மாறவில்லை. முந்தின நாள் மாலை நீங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: புதிய பதிப்புக்கு மாற்றப்பட்ட அந்தக் கணினியில் ஏதோ ஒரு கருவிக்குரிய டிரைவரை நிறுவினீர்கள்.

இந்நிலையில் நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதுதான். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் பாய்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தலையசைக்கும் முன் இக்கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். ஏனெனில், டிரைவரால் இவ்வாறு விழுந்த கணினியில் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் ஒரு கீறலும் இன்றி அப்படியே இருக்கின்றன. அவற்றை அழிப்பது அந்த டிரைவர் அன்று. அவசரப்பட்டுச் செய்யும் அந்த ஃபார்மேட்தான்.

கலைப்பிரிவில் பட்டம் பெற்று மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இதிலெல்லாம் என்ன ஞானம் என்று கேட்பீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதையொட்டி எங்கள் மத்ரஸா அலுவலகக் கணினியும் விண்டோஸ் 11க்கு மாற்றப்பட்டது. மாற்றியபின் திரையில் எழுத்துகள் பெருத்தும் மங்கியும் தெரிந்தன. உதவ வந்த இளைஞர் ஒருவர், 2019இல் கணினி வாங்கியபோது கூடவே வந்த குறுந்தகட்டைப் பெட்டியிலிருந்து தேடியெடுத்து, அதிலிருந்த கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவினார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். மறுநாள் கணினி எழவில்லை.

அதனுள் ஏழு ஆண்டுகளின் மாணவர் பதிவேடு இருந்தது. யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எதுவரை ஓதினார், யாருடைய கல்விச் செலவை யார் ஏற்றிருக்கிறார் என்பதெல்லாம் அதில்தான். காகிதப் பேரேட்டில் எழுதுவதைக் கணினி வந்த மறு ஆண்டே நிறுத்திவிட்டோம். கடையில் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்கள். "உள்ளே இருப்பது?" என்று கேட்டார் எங்கள் எழுத்தர். "போயிடும்" என்றார்கள். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று சென்னையில் கணினித் துறையில் பணிபுரிகிறார். கடை வாசலில் நின்றபடியே அவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "ஹஜ்ரத், தயவுசெய்து கணினியை அங்கே விட்டுட்டு வந்துடாதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் எனக்குக் கூப்பிடுங்க. அதுவரை யாரையும் அதைத் தொட விடாதீங்க" என்றார். அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தவற்றைத்தான் இங்கே விவரிக்கிறேன்.

துபாஷி தடுமாறினால்

முதலில் டிரைவர் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வணிகம் செய்ய வந்த காலத்தில் துபாஷிகள் என்றொரு வகுப்பார் இருந்தனர். புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இரு தரப்பாருக்கும் இடையே நின்று, ஒருவர் பேச்சை மற்றவர் மொழியில் எடுத்துச் சொல்வது அவர்கள் பணி. கணினியில் விண்டோஸுக்கும் கருவிகளுக்கும் இடையே அப்படி நிற்கும் மென்பொருளே டிரைவர். அச்சுப்பொறிக்கு ஒரு துபாஷி, ஒலிக்கு ஒரு துபாஷி, திரைக்கு ஒரு துபாஷி.

விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது ஆட்சியாளரின் மொழியே சற்று மாறிவிடுகிறது. பழைய மொழிக்குப் பழகிய துபாஷி புதிய அவையில் தவறாக எதையோ சொல்லிவிடக்கூடும். 2007இல் விஸ்டா வெளிவந்தபோது இதுவே பெரிய அளவில் நடந்தது. பின்னர் 2008இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான மைக்ரோசாஃப்டின் ஆவணங்களின்படி, அங்கே பதிவாகியிருந்த விஸ்டா நிலைகுலைவுகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களைச் சார்ந்தவை.

சரி, ஒரு துபாஷி தடுமாறினால் அவை முழுவதும் ஏன் கலைய வேண்டும்? கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் பழுதானால் அது மட்டும்தானே மூடிக்கொள்கிறது? இங்கேதான் வேறுபாடு. கடிதம் எழுதும் மென்பொருள் வெளிக்கூடத்தில் இருப்பது. திரை, வட்டு முதலியவற்றுக்கான டிரைவர்களோ கெர்னல் எனப்படும் உள்ளறையில் இருப்பவை. அங்கே இருப்பவர் எந்த நினைவகப் பகுதியிலும் கை வைக்கலாம். அவர் ஒருமுறை தவறான இடத்தில் எழுதிவிட்டால், அதன்பின் எது சரி, எது பிழை என்று விண்டோஸால் நம்ப முடியாது. கெட்டுப்போன செய்தி வட்டில் எழுதப்பட்டு உங்கள் கோப்புகளையும் கெடுத்துவிடலாகாது என்பதற்காகவே அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நாம் கண்டு நடுங்கும் அந்தத் திரை உண்மையில் ஒரு காவல்.

2024 ஜூலை 19ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரௌட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் விழுந்தன. அம்மென்பொருளும் டிரைவராக உள்ளறையில் இயங்குவதே. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பெரிய விபத்துக்கும் அன்று சொல்லப்பட்ட முக்கியமான தீர்வு என்ன தெரியுமா? கணினியைச் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்குங்கள் என்பதுதான். ஃபார்மேட் செய்யுங்கள் என்பதன்று.

உள்ளே நுழையும் வழி

சேஃப் மோட் என்பது, இன்றியமையாத சில டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும் நிலை. புதிதாக வந்த துபாஷியை அது வாசலிலேயே நிறுத்திவிடும். திரைக்குக்கூட எளிய பொது டிரைவர் ஒன்றையே பயன்படுத்தும். ஆகவே படம் அழகாக இராது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தொடங்கும் முன் வெளியிலிருந்து இணைத்த கருவிகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். விசைப்பலகையும் மவுஸும் போதும். அதே நாளில் புதிய ராம் அட்டையும் பொருத்தியிருந்தால், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு அதையும் எடுத்துவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குற்றம் டிரைவருடையதாக இல்லாமலும் போகலாம். ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்துவிட்டு எது குற்றவாளி என்று தேடுவதைப் போன்ற வேதனை வேறில்லை.

முன்பெல்லாம் கணினி எழும்போது எஃப்8 விசையை அழுத்தினால் சேஃப் மோட் வந்துவிடும். விண்டோஸ் 8 முதல் அவ்வழி இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது இது: விண்டோஸ் எழத் தொடங்கியதும், மின்விசையைக் கணினி அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று முறை இடையிலேயே அணைத்தால், ஏதோ கோளாறு என்று உணர்ந்து, அடுத்த முறை அதுவே பழுதுபார்க்கும் திரையைக் கொண்டுவரும். அதில் டிரபிள்ஷூட், அதனுள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதனுள் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட். மறுபடி எழும்போது எண்ணிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். 4 என்ற எண்ணை அழுத்துங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. டிரபிள்ஷூட் பகுதியில் "ரீசெட் திஸ் பிசி" என்றொரு வாசகம் கண்ணில் படும். அதன்பக்கம் போகாதீர்கள். உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழி அதனுள்ளேயே உண்டு என்றாலும், நீங்கள் நிறுவியிருந்த மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். தவறான வழியைத் தேர்ந்தால் கோப்புகளும் போய்விடும்.

சேஃப் மோடில் உள்ளே வந்தபின் பணி எளிது. ஸ்டார்ட் பொத்தானின் மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் என்பது தெரியும். திரைக்கான டிரைவர் என்றால் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழுள்ள கருவியைத் தேர்ந்து, அதன் பிராபர்ட்டீஸ் பகுதியில் டிரைவர் என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். முன்பிருந்த டிரைவர் திரும்பி வந்துவிடும். அது மங்கிக் கிடந்தால், அன்இன்ஸ்டால் டிவைஸ் என்பதை அழுத்துங்கள். அப்போது தோன்றும் சிறு கட்டத்தில், டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று கேட்கும் இடத்தில் மறவாமல் குறியிடுங்கள். குறியிடாவிட்டால் அடுத்த முறை எழும்போது விண்டோஸ் அதே டிரைவரைத் தேடியெடுத்து மீண்டும் அமர்த்திவிடும். எங்கள் கணினியில் முதல்முறை நான் குறியிட மறந்தேன். அரைமணி நேரம் வீணாயிற்று.

48 இலக்கங்கள்

சேஃப் மோட் நோக்கிச் செல்லும் வழியில் சில கணினிகள் 48 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கேட்கும். இது பிட்லாக்கர் எனும் பூட்டு. வட்டில் உள்ளவை அனைத்தும் மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றன என்பது இதன் பொருள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலேயே இது இடப்பட்டிருக்கிறது. அந்த எண் இல்லையேல் கோப்புகளை வேறெவராலும் மீட்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. பெரும்பாலும் அது, கணினியில் முதன்முதல் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அக்கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது? பல வீடுகளில் கணினியை வாங்கிய நாளில் விற்பனையாளரோ, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மச்சானோ ஏதோ ஒரு முகவரியைக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார். கணினி நலமாக இருக்கும் இன்றே அதை விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் கணினியில் இப்பூட்டு இல்லாதது எங்கள் நற்பேறு.

சேஃப் மோடும் விழுந்தால்?

அப்போதும் வழி அடைபடவில்லை. அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் சிஸ்டம் ரீஸ்டோர் உண்டு. டிரைவர் நிறுவும் முன் விண்டோஸ் தன் நிலையைக் குறித்து வைத்திருந்தால், அந்த நாளுக்குத் திரும்பிச் செல்லலாம். உங்கள் கடிதங்களும் படங்களும் அதனால் மாறா. அப்படிக் குறித்து வைக்கும் வசதி பல கணினிகளில் அணைந்தே கிடக்கிறது என்பதுதான் குறை. புதிய பதிப்புக்கு மாறி 10 நாள்களுக்குள் என்றால், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்பதன் வழியாகப் பழைய பதிப்புக்கே திரும்பவும் இடமுண்டு.

"இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்ற வாசகத்தோடு கணினி நின்றால், வட்டை அடையும் டிரைவரிலோ, பயாஸில் வட்டுக்கான அமைப்பிலோ பிழை என்று கொள்ளலாம். இதை அறிந்தவரிடம் விடுவதே நலம். விடும்போதும், "முதலில் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுத்துத் தாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதற்கு இசையாத கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் அலுவலகக் கணினி இரவு பத்தரை மணிக்கு எழுந்தது. எழுத்துகள் பழையபடி பெருத்துத்தான் தெரிந்தன. உடனே டிரைவர் தேடப் புறப்பட்ட என்னை என் மாணவர் தடுத்துவிட்டார். "முதல்ல பதிவேட்டைப் பென் டிரைவ்ல ஏத்துங்க ஹஜ்ரத், மற்றதெல்லாம் நாளைக்கு" என்றார். மறுநாள் கணினியின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் 11க்கென வெளியிடப்பட்ட டிரைவரை இறக்கி நிறுவினோம். திரை தெளிந்தது. பழைய குறுந்தகட்டை எழுத்தர் இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார். ஏழு ஆண்டுப் பதிவேட்டையும் அச்செடுத்துக் கட்டி வைக்க அவருக்கு மேலும் நான்கு நாள்கள் பிடித்தன.