செங்குழியின் விளிம்பிலே

இலங்கையிலே எரிமலை இல்லை. எனினும், இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் எரிமலை பற்றிப் போதித்து வந்திருக்கின்றோம். கரும்பலகையிலே கூம்பு ஒன்றை வரைந்து, உச்சியிலிருந்து வழியும் குழம்பைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் தீட்டுவோம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஆறின பிறகும் சிவப்பாகத்தான் இருக்குமோ?" என்று வினவினான். "இல்லை, ஆறினால் கறுப்பு" என்று சற்றும் தயங்காது விடை பகர்ந்தோம்.

நியூசிலாந்தின் வடதீவிலே தொங்காரிரோ என்னும் எரிமலை உண்டு. அதன் குறுக்கே நடந்து செல்லுதல் நமது நெடுநாளாசை. ஒக்லண்ட் நகரில் வாழும் மைத்துனர் அழைத்தவண்ணமே இருந்தார். 2017 மார்கழி விடுமுறையிற் சென்றோம். மலையிலே பெருங்காற்று என்று கூறி, இரண்டு நாளும் வண்டிக்காரர் ஏற்றிச்செல்ல மறுத்துவிட்டனர். அவர்மீது அன்று நாம் கொண்ட கோபத்தை இப்பொழுது நினைக்க நாணமாயிருக்கின்றது. மறுமுறை செல்வதற்குப் பணம் சேர ஆறு ஆண்டுகள் சென்றன.

2023 மார்கழியிலே, மைத்துனரும் அவர் மகளும் உடன்வர, விடியற்காலையில் மங்கத்தேபோப்போப் பள்ளத்தாக்கிலே நடக்கத் தொடங்கினோம். வடபுறத்து அடிவாரம்வரை ஏறக்குறைய 20 கிலோமீற்றர். வலப்பக்கத்திலே நவுருஹோயிச் சிகரம் கூம்பாக நின்றது. நாம் பலகையில் வரைந்த படமே உயிர்பெற்றாற் போன்ற தோற்றம். அது இறுதியாகக் குமுறியது 1975இல். அதிலிருந்து 1949இலும் 1954இலும் வழிந்த குழம்பு பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலே கரடுமுரடாக உறைந்து கிடக்கின்றது. நிறம் கறுப்பு! நமது விடை பிழையன்று என உள்ளூர மகிழ்ந்தோம்.

1,850 மீற்றருக்கு மேலுள்ள செங்குழியின் விளிம்பை அடைந்தபோது முகில் மூடிவிட்டது. எதிரே நிற்பவர் முகமும் தெளிவில்லை. கந்தக நெடி மட்டும் மூக்கிலேறிற்று. "அரைமணி பார்ப்போம் அத்தான், பிறகு இறங்கவேணும்" என்றார் மைத்துனர். இம்முறை நாம் கோபிக்கவில்லை. திடீரென முகில் கிழிந்தது. காலடியிலே பெரும்பள்ளம், அதன் சுவர் முழுதும் செங்கல்லை அரைத்துப் பூசியதுபோன்ற சிவப்பு! ஆறிய பாறைதான். பாறையிலுள்ள இரும்பு, சூடு தணியுமுன்னரே ஆவியோடும் காற்றோடும் சேர்ந்து துருவின் நிறம் கொண்டுவிடுகின்றது. அந்த மாணவன் கேட்டது எத்துணை நல்ல கேள்வி!

கீழே மூன்று சிறு ஏரிகள், மரகதத்தை உருக்கி வார்த்தாற்போல் பசுமையாய்க் கிடந்தன. செங்குழியை அடுத்த வெந்நிலத்திலிருந்து கரைந்துவரும் தாதுக்களே அவற்றின் நிறத்துக்குக் காரணம். நீரோ குளிர்ந்தது, அமிலம் மிக்கது. இருபது நிமிடமே கண்டோம். முகில் மீண்டும் மூடிற்று.

பொடிச் சாம்பற் சரிவிலே இருமுறை விழுந்தெழுந்து, சற்று அப்பாலுள்ள நீல ஏரியை அடைந்தோம். அது மாவோரி மக்களுக்குப் புனிதமானது. கரையில் உண்பதும் நீரைத் தொடுவதும் தகாது. இச்சிகரங்களை 1887இல் அரசிடம் ஒப்படைத்தவர் அவர்தம் தலைவர் நான்காம் தே ஹெயுஹெயு துக்கினோ. அவ்வாறு தோன்றியதே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. யுனெஸ்கோ இதனை 1990இல் இயற்கைச் சிறப்புக்காகவும் 1993இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

வடசரிவிலே, 2012 ஆவணி 6ஆம் திகதி தே மாரி வாய் வெடித்தபோது கற்கள் வீழ்ந்து சேதமுற்ற கேத்தேத்தாகிக் குடிலைக் கண்டோம். அப்பொழுதுதான் நமது சட்டைப்பையில் ஏதோ கனப்பதை மருமகள் கவனித்தாள். வகுப்பிலே காட்டலாமென்று செங்குழியருகே எடுத்த சிவப்புக் கல் அது.

"மாமா, இங்கேயிருந்து ஒன்றும் எடுக்கக்கூடாது" என்றாள்.

ஆசிரியருக்கு வேறு வழியில்லை. கல்லை ஒரு புல்லின் அடியிலே வைத்துவிட்டு, வண்டி நிற்கும் இடம் நோக்கி நடந்தோம்.