ஒரு சிலிண்டர் ஓய்ந்தால்

கைமாறிய சிறு கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர்வரை அதிலேயே பிரயாணம் செய்யத் துணியும் அன்பர்கள் நம்மில் பெருகி வருகின்றனர். நாக்பூரிலிருந்து மதுரைக்கு என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வழி. அத்தகையோர் காதால் கேட்டே அறிந்துகொள்ள வேண்டிய யந்திர நோய் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் 'மிஸ் அடிக்கிறது' என்பர்; இங்குள்ள மிஸ்திரிகளும் 'மிஸ்ஸிங்' என்றே சொல்வர்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து புகுந்து, பிஸ்டனால் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிந்து, புகையாக வெளியேறுகின்றன. இந்நான்கு செயல்களும் முடிய எஞ்சின் இருமுறை சுழல வேண்டும். ஆகவே வண்டி நிற்கும்போது நிமிஷத்துக்கு 800 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை வெடிக்கும். அவற்றுள் ஒன்று வெடிக்காமல் பிஸ்டன் வெறுமனே ஏறி இறங்குவதே இந்நோய். 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று ஓய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று என்பது சொல்லாமலே விளங்கும். நீராவி எஞ்சின் காலத்து டிரைவர்கள் புகைபோக்கியின் தாளம் பிசகுவதைக் கேட்டே வால்வின் கோளாற்றைக் கண்டனர். கார் எஞ்சினிலும் அதே சாமர்த்தியம் பயன்படும். சீரான ரீங்காரம் நொண்டி நடையாக மாறும், ஸ்டியரிங் அதிரும், மேட்டில் ஏற வண்டி திணறும்.

அப்போது முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரிந்து, அதன் உட்புறத்தை உருக்கிவிடும். நூறு ரூபாய்க் கோளாறு பல்லாயிரமாவது இவ்வாறுதான். லாரியை முந்தும் வேளையில் பலம் குன்றினால் நேர்வதோ பணக் கணக்கில் அடங்காது. வேகத்தைத் தணித்து ஓரமாக நிறுத்துவதே முறை.

பாஷை அரைகுறையாகத் தெரிந்த நம்மவரிடம், பட்டறையில் முதல் வார்த்தையாகவே 'இஞ்ஜின் கோல்னா படேகா' என்று சொல்லிவிடுவதும் உண்டு. எஞ்சினைப் பிரிப்பது கடைசி வைத்தியம். அதற்கு முன் செய்ய வேண்டியவை பல.

சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சிறு ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் கோளாற்றின் குறியெண் தெரியும். பி 0301 எனில் முதல் சிலிண்டர், 0302 எனில் இரண்டாவது. 0300 எனில் கோளாறு ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்க. ஆனால் எந்தச் சிலிண்டர் என்றுதான் அது சொல்லுமேயன்றி ஏன் என்று சொல்லாது. ஸ்கேனரைப் பார்த்த மாத்திரத்தில் காயிலை மாற்று என்பவர் பாதி வைத்தியர்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் மூன்று சிலிண்டர் காருக்கு 0302 வந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமென்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டனர். நாங்கள் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை முதலாவதற்கும் அதனுடையதை இதற்குமாக மாற்றிப் பூட்டினோம். குறியெண்ணை அழித்துவிட்டு ஓட்டினால் மறுபடியும் 0302. எனவே காயில் குற்றமற்றது. அடுத்து இரண்டாவதன் பிளக்கை மூன்றாவதில் இட்டோம். இப்போது 0303! நோய் பிளக்கோடு சேர்ந்து இடம் பெயர்ந்துவிட்டது. கழற்றித் துடைத்துப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற விரிசல். மூன்று பிளக்குகளும் புதிதாகப் போட்டும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. இம்முறையில் முக்கியமானது ஒரு வேளைக்கு ஒரே பொருளை மாற்றுவது. காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாமலே போகும்.

கழற்றிய பிளக்கின் நுனியே பல கதைகளைச் சொல்லும். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய்ப் பசையாயின் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது. பிளக் அமர்ந்திருக்கும் குழியிலேயே ஆயில் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கட் பழுது. அது காயிலின் ரப்பரை ஊறவைத்துப் பொறியைத் திருடிவிடும். புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருக வேண்டும். அலுமினிய மரையில் ஸ்பானரைக் கோணலாக அழுத்தினால் ஹெட்டே கெட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது காயிலையோ வயரையோ கையால் பிடித்துச் சோதிப்பது பல்லாயிரம் வோல்ட்டோடு விளையாடுவதாகும். சில மிஸ்திரிகள் செய்கிறார்கள் என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை.

அம்பாசடர் வைத்திருப்போர் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் ஈரத்தையும் விரிசலையும் முதலில் பார்க்க. அதில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. வயர்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டதாலேயே மிஸ் அடித்த வண்டிகள் உண்டு.

பொறி சரியாயிருந்தும் சிலிண்டர் உறங்கினால் இஞ்செக்டரைக் கவனிக்க வேண்டும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒற்றினால், வேலை செய்யும் இஞ்செக்டர் டிக் டிக் என்று ஒலிக்கும். ஓசையில்லையேல் அதன் வயரைப் பாருங்கள். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் குடிபுகும் எலிக்கு வயரின் உறை மிகப் பிரியம்.

இவை யாவும் சரியாயிருந்தாலும் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கு முன் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயில், இஞ்செக்டர் இணைப்புகளை நீக்கி, ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது அது. ஒன்றின் அழுத்தம் மற்றவற்றுள் உயர்ந்ததன் முக்கால் பங்குக்கும் கீழாயின் நோய் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் ரிங் தேய்ந்தது. உயராவிடில் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒருங்கே குறைந்திருந்தால் பெரும்பாலும் அவற்றின் இடையே கேஸ்கட்தான் பொசுங்கியிருக்கும். அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அடிப்பாகத்தில் கைவைக்க விடாதீர்கள்.