தொடர்வரிசைப் பல்லிணைப்பெட்டி

தொடர்வரிசைப் பல்லிணைப்பெட்டி என்பது கியர் எனப்படும் பல்லிணைகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே மாற்றக்கூடிய கியர்பாக்ஸ் ஆகும். இதில் மூன்றாம் கியரிலிருந்து நான்கிற்கோ இரண்டிற்கோ செல்லலாம். நேரடியாக ஐந்திற்குத் தாவ இயலாது. மோட்டார் சைக்கிள்களில் காலால் இயக்கப்படும் கியர் அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதி முதல், கைவழிக் கியருடன் விற்கப்பட்ட சில விளையாட்டு மகிழுந்துகளில் தொடர்வரிசை மாற்றம் கூடுதல் தெரிவாக வழங்கப்பட்டது. எனினும் அவ்வாறு விற்கப்பட்ட பெட்டிகள் பந்தய ஊர்திகளில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை.

பந்தய ஊர்திகளில் இயக்கமுறை

வழமையான கைவழிப் பெட்டியில் ஓட்டுநர் நெம்புகோலை எச் வடிவப் பாதையில் நகர்த்துவார். பந்தய ஊர்தியின் தொடர்வரிசைப் பெட்டியில் வளைந்த பள்ளங்கள் வெட்டப்பட்ட உருளை ஒன்று உள்ளது. நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் உருளை ஒரு படி சுழலும். பள்ளங்களில் பொருந்தியுள்ள கவைகள் அதனால் நகர்ந்து அடுத்த கியரை இணைக்கும். வேகத்தை ஒத்திசைக்கும் வளையங்களுக்குப் பதிலாகப் பெரிய பற்களையுடைய கவ்விகள் பயன்படுவதால் மாற்றம் மிக விரைவாக நிகழ்கிறது. தவறான கியருக்குத் தாவிப் பொறியைச் சேதப்படுத்தும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் இரைச்சல், குலுக்கல், விரைவான தேய்மானம் ஆகியவற்றால் இது அன்றாடச் சாலைப் பயணத்திற்கு ஏற்றதன்று.

சாலை மகிழுந்துகளில்

1989 ஆம் ஆண்டு ஃபெராரி 640 பந்தய ஊர்தியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்புறத் துடுப்புகளால் கியர் மாற்றும் முறை அறிமுகமானது. நைஜல் மான்செல் அதனை ஓட்டி, அவ்வாண்டின் முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரிக்சை வென்றார். இம்முறை 1997 இல் ஃபெராரி எஃப்355 மகிழுந்தில் தெரிவாக வந்தது. அதில் இருந்தது வழமையான ஆறு கியர் பெட்டியே. கிளட்சையும் கவைகளையும் ஓட்டுநரின் கைகால்களுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம் இயக்கியது. கிளட்ச் மிதி நீக்கப்பட்டது. அதாவது, ஓட்டுநர் தரும் கட்டளை மட்டுமே தொடர்வரிசையில் அமைந்தது. பிஎம்டபிள்யூ எம்3 மகிழுந்தின் எஸ்எம்ஜி பெட்டியும் இத்தகையதே.

குறைகளும் விளைவுகளும்

ஒற்றைக் கிளட்ச் கொண்ட இவ்வமைப்பில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசை சிறிது நேரம் தடைபடும். நெரிசலில் மெதுவாக ஓட்டும்போது இது குலுக்கலாக உணரப்பட்டது. ஒற்றைப்படைக் கியர்களுக்கும் இரட்டைப்படைக் கியர்களுக்கும் தனித்தனிக் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி இக்குறையைப் பெருமளவு நீக்கியது. இது 2003 இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மகிழுந்திலும், 2008 இல் போர்ஷே 911 மகிழுந்திலும் தெரிவாக வந்தது.

இதன்பின் தெரிவாக வந்ததே சில மகிழுந்துகளில் ஒரே வழியாயிற்று. 2009 இல் வெளியான ஃபெராரி 458 இத்தாலியாவிற்குக் கைவழிப் பெட்டி வழங்கப்படவில்லை. 2013 ஆம் ஆண்டின் போர்ஷே 911 ஜிடி3 மகிழுந்தும் இரட்டைக் கிளட்ச் பெட்டியுடன் மட்டுமே வந்தது. ஓட்டும் அனுபவத்தை விரும்புவோர் இதனைக் குறை கூறினர். 2017 இல் ஜிடி3 புதுப்பிக்கப்பட்டபோது கைவழிப் பெட்டி மீண்டும் இடம்பெற்றது. இம்முறை அதுவே தெரிவாக இருந்தது. பழைய ஃபெராரிகளின் சந்தையிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 360, எஃப்430 போன்ற வகைகளில், ஒருகாலத்தில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்ட துடுப்புப் பெட்டியைவிடக் கிளட்ச் மிதியுள்ளவையே இன்று அதிக விலை பெறுகின்றன.