லிஸ்ப் லோட் ஆகவில்லையா? தலைமதகிலிருந்து பாருங்கள்

தஞ்சாவூர் நகருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புதாறு என்பார்கள். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையோடு சேர்த்து, ஒரே திட்டத்தில் வெட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்று வைத்தாலே 1,480 படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொன்றிலும் கரை மட்டம், படுகை மட்டம், சரிவு எல்லாம் குறிக்க வேண்டும். லெவல் புத்தகத்தின் எண்களை வாங்கி, ஆட்டோகேடில் படத்தைத் தானே வரைந்து தரும் சிறு நிரல் ஒன்று கையில் இருந்தால் மாதக்கணக்கான வேலை நாட்களில் முடியும். அப்படிப்பட்ட நிரல்களை எழுத உதவும் மொழி ஆட்டோலிஸ்ப்.

இதன் தாய்மொழியான லிஸ்பை 1958-இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கியவர் ஜான் மெக்கார்த்தி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காகப் பிறந்த அந்த மொழி 1986-இல் ஆட்டோகேடுக்குள் வந்தது. லிஸ்பில் தரவுக்கும் நிரலுக்கும் ஒரே வடிவம்: அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல். (+ 2 3) என்பது மூன்று உறுப்புள்ள பட்டியல்; கணக்கிட்டால் அதுவே 5. ஒரு கோப்பு லோட் ஆகும்போது மேலிருந்து கீழாக, பட்டியல் பட்டியலாக இயங்குகிறது. புதிய கட்டளையை வரையறுப்பதும் அப்படி இயங்கும் ஒரு பட்டியல்தான்.

அப்படி வரையறுத்து, நேற்றுவரை ஓடிய கட்டளையை இன்று அடித்தால் ‘அன்நோன் கமாண்ட்’ என்று வருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் டெல்டா விவசாயி தலைமதகு திறந்திருக்கிறதா, வழியில் உடைப்பு உண்டா என்று மேலிருந்துதான் பார்த்து வருவார். இங்கும் அதே வரிசைதான்.

முதலில், கோப்பு கண்ணில் படுகிறதா? ஆட்டோகேட் தொடங்கும்போது ஏகேட்.எல்எஸ்பி ஒருமுறை லோட் ஆகும்; ஏகேட்டாக்.எல்எஸ்பி ஒவ்வொரு படத்தைத் திறக்கும்போதும் லோட் ஆகும். இரண்டையும் நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டளை வரியில் (ஃபைண்ட்ஃபைல் "ஏகேட்டாக்.எல்எஸ்பி") என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘நில்’ என்று வந்தால் கோப்பு கிடைக்கவில்லை. பாதை வந்தால், அது ஆட்டோகேட் தேடும் சப்போர்ட் பாதைகளுள் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே பெயரில் பல கோப்புகள் இருந்தால் முதலில் அகப்படுவது மட்டுமே லோட் ஆகும். ஆட்டோகேட் எல்டி பதிப்பில் 2024-க்கு முன் ஆட்டோலிஸ்பே கிடையாது.

இரண்டாவது, அந்த இடத்தை ஆட்டோகேட் நம்புகிறதா? 2012-இல் மெட்ரே என்ற கணினிப் புழு பெருவில் பரவியது. ஆட்டோலிஸ்பில் எழுதப்பட்ட அது, படங்களோடு ஏகேட்.எஃப்ஏஎஸ் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டு பயணித்து, வரைபடங்களைத் திருடி மின்னஞ்சலில் சீனாவுக்கு அனுப்பியது. படத்தைத் திறந்தால் போதும், உடன் இருக்கும் நிரலும் தானே இயங்கிவிடும் என்ற வசதியே திருடனுக்கு வழியானது. 2014 பதிப்பு முதல் படம் இருக்கும் கோப்புறையில் நிரலைத் தேடுவது இயல்பாகவே நிறுத்தப்பட்டது. நம்பகமான பாதைகளுக்கு வெளியே இருக்கும் நிரல் லோட் ஆகாமல் காக்கும் செக்யூர்லோட் என்ற அமைப்பும் வந்தது. பழைய பதிப்பில் ஓடியது புதியதில் ஓடாததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

மூன்றாவது, நடுவில் உடைப்பா? தொடக்கக் கோப்பில் ஓரிடத்தில் பிழை வந்தால் அதற்குக் கீழே உள்ள எதுவும் லோட் ஆகாது. மூடாமல் விட்ட ஒரே ஓர் அடைப்புக்குறி போதும், ‘மால்ஃபார்ம்டு லிஸ்ட்’ என்று நின்றுவிடும். செயற்கூறுகளுக்கு இடையே ‘பிரிங்க்’ கொண்டு ஒரு சொல்லை அச்சிடச் செய்யுங்கள். எஃப்2 சாளரத்தில் கடைசியாகத் தெரியும் சொல்லுக்கு அடுத்த இடத்தில்தான் உடைப்பு இருக்கிறது.

கடைசியாக, லோட் ஆகியும் கட்டளையாகவில்லையா? பெயருக்கு முன் ‘சி:’ இல்லையென்றால் அது வெறும் செயற்கூறு. கட்டளை வரியில் பெயரை மட்டும் அடித்தால் இயங்காது. படம் முழுதாகத் திறக்கும் முன்பே ஆட்டோகேட் கட்டளைகளை அழைத்தாலும் சிக்கல் வரும். அவற்றை எஸ்::ஸ்டார்ட்டப் என்ற செயற்கூற்றுக்குள் வைக்க வேண்டும்.

அவசரத்தில் செக்யூர்லோடைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். உங்கள் நிரல்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதை நம்பகமான பாதைகளில் சேருங்கள். ஏகேட்டாக் கோப்பில் அவற்றை அழைக்கும் ஒரு வரி போதும்.