ஆடைக்கும் ஓர் உரைகல்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. அந்த ஆடைப் பாதிக்குள் எத்தனை ஆட்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பருத்தி விளைவிப்போர், நூல் நூற்போர், சாயம் தோய்ப்போர், தைப்போர் எனப் பலர் கைபட்டே ஒரு சட்டை நம் தோளுக்கு வருகிறது. ‘பசுமை ஆடை’, ‘அறவழியில் ஆனது’ என்றெல்லாம் இன்று கடைதோறும் விளம்பரம் காண்கிறோம். இவற்றுள் எதை நம்புவது? பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் உண்டு. ஆடை நிறுவனத்தை உரைத்துப் பார்க்கவும் சில கேள்விகள் உண்டு.

முதற்கேள்வி: ஆடை எந்த ஆலையில் தைக்கப்பட்டது என்று நிறுவனம் சொல்லுகிறதா? 2013 ஏப்ரல் 24 அன்று, வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். விரிசல் கண்டது முதல் நாளே தெரிந்திருந்தும் தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். அங்கே யார் யாருக்காகத் துணி தைக்கப்பட்டது என்பதை அறிய, இடிபாடுகளில் கிடந்த சட்டைச் சீட்டுகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆலைகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கும் நிறுவனத்தின் அறப்பேச்சைச் சோதிக்க வழி ஏது?

இரண்டாவது: சான்றிதழ் எதற்குச் சான்று? 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்னும் ஆடை ஆலை தீப்பற்றி, 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன, சன்னல்களில் கம்பிகள். தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ.8000 சான்றிதழை அவ்வாலை சில வாரங்களுக்கு முன்புதான் பெற்றிருந்தது! சான்றிதழ்களே வேண்டா என்பதன்று இதன் பொருள். ‘இயற்கைப் பருத்தி’ என்ற சான்று இழையைப் பற்றியது. தைத்தவரின் கூலியைப் பற்றியது அன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நம்பச் செய்வதில் ஏமாறலாகாது.

மூன்றாவது: சாயநீர் எங்கே போகிறது? இதற்கு விடை தேட நாம் அயல்நாடு செல்ல வேண்டா. திருப்பூர்ப் பட்டறைகளின் கழிவு பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆயிற்று. அதன் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. உழவர்கள் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 700 சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே வலுப்பெற்றது. அதற்குச் செலவு மிகுதி. ஆலையிடம் விலையைக் குறைத்துக்கொண்டே போகும் நிறுவனம், அச்செலவை யார் தலையில் வைக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான்காவதே தலையாய கேள்வி: தொழிலாளி அஞ்சாமல் வாய் திறக்க முடிகிறதா? 2021 சனவரியில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடை ஆலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொலையுண்டார். அதைத் தொடர்ந்த போராட்டத்தின் பயனாக 2022-இல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவாயிற்று. பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தொழிற்சங்கம், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் முதலியோர் கையெழுத்திட்டனர். பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் எதிர்த்து முறையிட வழி வகுத்தது. ஆலை தவறினால் வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்படுத்தியது. விளம்பரத்தில் தரும் வாக்கை மறுநாளே மறந்துவிடலாம். ஒப்பந்தத்தில் தந்த வாக்கைத் தொழிலாளி கேட்டுப் பெறலாம். இதுவே வேற்றுமை.

இந்நான்கிலும் தேறும் நிறுவனம் அரிது. அதற்காகச் சோர்ந்துவிடலாமா? எல்லாம் விளக்கமாக எழுதியுள்ள நிறுவனத்தை, ஒன்றும் எழுதாத நிறுவனத்தைவிட மேலாகக் கொள்ளலாம். விடை இல்லாத இடத்தில் கடிதம் எழுதிக் கேட்கலாம். உள்ள சட்டையைக் கிழிசல் தைத்து இன்னும் ஓராண்டு உடுத்தலாம். மாணவர் பைக்கு ஏற்ற அறம் அது.

தமிழகத்தை விட்டுத் தொலைவில் பயிலும் நாம், இவ்வூர்க் கடைத்தெருவில் வாங்கும் பனியனும் திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். விலைச் சீட்டைப் பார்க்கும் கண், அதைத் தைத்த கையையும் சற்றே பார்க்கட்டும்!