பிளேக்கைப் பாடிய மெட்டல் குரல்

ஆங்கிலப் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1998இல் வெளியிட்ட ஐந்தாவது தனி ஆல்பம் 'தி கெமிக்கல் வெட்டிங்'. பத்துப் பாடல்கள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அயர்ன் மெய்டன் குழுவின் பாடகராக உலகம் அறிந்தவர், அந்தக் குழுவை விட்டு வெளியே இருந்த காலத்தில் செய்த வேலை இது. மெய்டன் தொண்ணூறுகளில் வெளியிட்ட எந்த ஆல்பத்தையும்விட இதை உயர்வாகச் சொல்லும் மெய்டன் ரசிகர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹெவி மெட்டலின் கனத்தையும் மெட்டின் தெளிவையும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டிய ஆல்பங்கள் குறைவு.

மெட்டுக்கு முதலிடம் தரும் ஹெவி மெட்டலுக்கு இலக்கணம் வகுத்த குழுக்களில் அயர்ன் மெய்டன் முக்கியமானது. பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய குழு அது. ஒரே மெட்டை இரண்டு கிட்டார்கள் சுர இடைவெளி விட்டு இணையாக வாசிப்பது, குதிரைப் பாய்ச்சல் போன்ற பேஸ் தாளம், இவற்றுக்கு மேலே நீண்டு ஒலிக்கும் குரல் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். 1981இல் டிக்கின்சன் சேர்ந்த பிறகு குரலின் பங்கு பெரிதாயிற்று. மேல் ஸ்தாயியில் அவர் பிடித்து நிறுத்தும் சுரங்களால் 'விமானத் தாக்குதல் சைரன்' என்ற பட்டப்பெயரே வந்தது. ஆனால் அந்தப் பாணியில் பாடகர் எப்போதும் உச்சத்திலேயே நின்றாக வேண்டும். குரலின் கீழ்ப்பகுதிக்கு அங்கே வேலை குறைவு. 1993இல் அவர் குழுவை விட்டு விலகினார்.

விலகியதும் வழி தெளிவாகிவிடவில்லை. மெய்டனில் இருக்கும்போதே செய்த 'டாட்டூட் மில்லியனர்' (1990) இலகுவான ராக் ஆல்பம். 'பால்ஸ் டு பிக்காசோ' (1994) 'டியர்ஸ் ஆஃப் தி டிராகன்' என்ற பாடலால் நினைவில் நிற்கிறது. 'ஸ்கங்க்வொர்க்ஸ்' (1996) அப்போது அமெரிக்காவில் ஓங்கியிருந்த மாற்று ராக் பாணியை நோக்கி நகர்ந்தது; பழைய ரசிகர்கள் அதோடு ஒட்டவில்லை, அதற்காகச் சேர்த்த குழுவும் கலைந்தது. திருப்பம் ராய் ஸீயிடமிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிட்டார் கலைஞரான அவர், லத்தீன் இசையும் ராக்கும் கலந்து வாசிக்கும் 'டிரைப் ஆஃப் ஜிப்சீஸ்' குழுவை நடத்திவந்தார். 1994 ஆல்பத்திலும் அவருடைய கை உண்டு. அவரோடு சேர்ந்து 1997இல் செய்த 'ஆக்சிடென்ட் ஆஃப் பர்த்', டிக்கின்சனை மீண்டும் கனமான மெட்டலுக்குக் கொண்டுவந்தது. 1990இல் மெய்டனை விட்டுப் போயிருந்த கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் அதில் சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு அதே அணி 'தி கெமிக்கல் வெட்டிங்' ஆல்பத்தைப் பதிவு செய்தது: ராய் ஸீ, ஸ்மித், பேஸில் எடி கசியாஸ், டிரம்ஸில் டேவிட் இங்ரகாம்.

முதல் பாடலான 'கிங் இன் கிரிம்சன்' தொடங்கிய சில நொடிகளிலேயே இது மெய்டன் ஒலி அல்ல என்று தெரிந்துவிடும். கிட்டார்களின் சுருதி நன்றாக இறக்கப்பட்டிருக்கிறது. சில கிட்டார்களில் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளே பூட்டப்பட்டன. சுருதியை அவ்வளவு இறக்கினால் வழக்கமான கம்பி தொய்ந்து, சுரம் கலங்கிப்போகும். தடித்த கம்பி விறைப்பாக நின்று அடிநாதத்தைத் தெளிவாகத் தரும். வேகமும் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பல பாடல்கள் நடுத்தர வேகத்தில், ஒவ்வோர் அடியும் தரையில் இறங்குவது தெரியும்படி நகர்கின்றன. தொண்ணூறுகளில் மெட்டலின் போக்கே கனத்தை நோக்கித்தான் இருந்தது. அந்தக் கனத்தைத் தேடிய பல குழுக்கள் மெட்டைக் கைவிட்டன. பாடகர் கத்தினார், அல்லது உறுமினார். ராய் ஸீ அடித்தளத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் மேலே பாடகருக்கு வேண்டிய இடத்தைக் காலியாக வைத்தார். இந்த ஆல்பம் இன்றும் பழசாகாமல் இருப்பதற்குப் பெரும் காரணம் அந்த முடிவுதான்.

அந்த இடத்தை டிக்கின்சன் பயன்படுத்திக்கொண்ட விதம் தலைப்புப் பாடலில் நன்றாகக் கேட்கும். சரணங்களில் குரல் மத்திம ஸ்தாயிக்குக் கீழே, ஏறக்குறைய பேசும் உயரத்தில், அடக்கமாக நிற்கிறது. கிட்டார் மெதுவாக அரைத்துக்கொண்டே போகிறது. பல்லவி வரும்போது குரல் ஒரே எட்டில் உயர்ந்து, அகன்ற மெட்டொன்றைப் பிடித்து நீட்டுகிறது. கீழே கிட்டாரின் கனம் சற்றும் குறையவில்லை. கேட்பவர் இரண்டாம் முறையே கூடச் சேர்ந்து பாடிவிடக்கூடிய பல்லவி அது. 'தி டவர்' பாடலில் பேஸ் முன்னே வர, இரண்டு கிட்டார்களும் இணைந்து மெட்டிசைக்கின்றன. பழைய மெய்டன் ரசிகருக்குத் தன் வீட்டுக்குத் திரும்பிய நிறைவு அங்கே கிடைக்கும்.

ஆல்பத்தின் கருப்பொருள் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று ரசவாதம். கந்தகமும் பாதரசமும், சிவப்பு அரசனும் வெள்ளை அரசியும் எனப் பகைப் பொருள்களை மணமுடித்து மேலான ஒன்றைப் பெறுவது ஐரோப்பிய ரசவாதிகளின் மையக் கற்பனை. அந்தத் திருமணத்தைப் பற்றி ரோசிக்குரூசியர் என்ற மறைஞான இயக்கத்தினரின் நூல் ஒன்று 1616இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சாயிற்று. ஆல்பத்தின் பெயர் அந்த மரபைச் சேர்ந்தது. இன்னோர் ஊற்று, லண்டனில் வாழ்ந்த கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் (1757–1827). செம்புத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பது அவருடைய பிழைப்பு. தன் கவிதைகளையும் சித்திரங்களையும் ஒரே தகட்டில் அரித்தெடுத்து அச்சிட்டு, மனைவி கேத்தரினுடன் சேர்ந்து கையால் வண்ணம் தீட்டி விற்றார். வாழ்ந்த காலத்தில் பலர் அவரைப் பித்தர் என்றே எண்ணினார்கள். ரசவாத எழுத்தாளர் பாராசெல்சஸை வாசித்தவர் என்பதால் இரண்டு ஊற்றுகளும் பிளேக்கிடமே வந்து கலக்கின்றன.

'புக் ஆஃப் தெல்', 'கேட்ஸ் ஆஃப் யூரிசன்', 'ஜெருசலேம்' ஆகிய மூன்று பாடல்களின் பெயர்களே பிளேக்கிடமிருந்து வந்தவை. 1789இல் அவர் வெளியிட்ட தெல் நூலில், அழியாத பள்ளத்தாக்கில் வாழும் ஒரு கன்னி, அல்லியையும் மேகத்தையும் மண்ணாங்கட்டியையும் நிலையாமை பற்றிக் கேட்கிறாள். கடைசியில் தன் புதைகுழியிலிருந்தே எழும் குரலைக் கேட்டு அலறியோடுகிறாள். எட்டு நிமிடத்தைத் தாண்டும் பாடல் அந்தக் கதையை வரிசையாகச் சொல்வதில்லை. அந்த அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பெருக்குகிறது. யூரிசன் பிளேக்கின் புராண உலகில் சட்டத்துக்கும் வறண்ட அறிவுக்கும் உரிய முதியவர். அவர் பெயர் தாங்கிய பாடல் ஆல்பத்திலேயே மென்மையானவற்றுள் ஒன்று. சோகமும் அதில்தான் அதிகம்.

'ஜெருசலேம்' தனியாகப் பேசத்தக்கது. 'மில்டன்' என்ற நீள்கவிதையின் முன்னுரையில் பிளேக் எழுதிய சிறு கவிதைக்கு 1916இல் ஹியூபர்ட் பாரி மெட்டமைத்தார். அது இங்கிலாந்தின் இரண்டாம் தேசிய கீதம் போலவே ஆகிவிட்டது. தேவாலயங்களிலும் கட்சி மாநாடுகளிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் பாடப்படுகிறது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1973இல் பாரியின் மெட்டையே ராக் வடிவில் வாசித்தது. டிக்கின்சன் அந்தப் பழகிய மெட்டைத் தொடவில்லை. கவிதையின் சொற்களை எடுத்து, தானும் ராய் ஸீயும் அமைத்த புதிய மெட்டில் வைத்தார். தொடக்கத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும், நாட்டுப்புறப் பாட்டின் சாயலில். குரல் தாழ்ந்து, ஒருவர் தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல வருகிறது. மின்கிட்டார்கள் நுழைந்த பிறகும் அவசரமில்லை. ஒரு நாடே கூட்டமாகப் பாடிப் பழகிய சொற்களுக்கு அவற்றின் தனிமை இங்கே திரும்பக் கிடைக்கிறது. டிக்கின்சனின் தனிப் பாடல்களிலேயே இதுதான் சிறந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆல்பத்தின் சில இடங்களில் பிளேக்கின் வரிகளை வாசிக்கும் கரகரத்த குரல் ஆர்தர் பிரௌனுடையது. 1968இல் 'ஃபயர்' என்ற பாடலால் புகழ்பெற்றவர். தலையில் தீ எரியும் கிரீடத்தோடு மேடையேறியவர். நாடகத்தனமான ராக் பாடகர்களுக்கெல்லாம் முன்னோடியான அவரை டிக்கின்சன் தன் ஆதர்சங்களில் ஒருவராகக் கொண்டிருந்தார்.

அட்டைப்படமும் பிளேக்கின் ஓவியமே. 'ஒரு தெள்ளுப்பூச்சியின் ஆவி' என்ற அந்த ஓவியம் ஏறத்தாழ 1819–20இல், மகோகனி மரப்பலகையில், பொன்னும் கலந்து தீட்டப்பட்டது. இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சோதிடத்தில் ஈடுபாடு கொண்ட ஓவிய நண்பர் ஜான் வார்லிக்காக பிளேக் அதை வரைந்தார். முறுக்கேறிய உடம்பு, சிறிய தலை, நீண்டு வெளியே வரும் நாக்கு. கையில் இரத்தம் ஏந்தும் கிண்ணம். இரத்தவெறி பிடித்த மனிதர்களின் ஆன்மாக்களே தெள்ளுப்பூச்சிகளில் குடியிருப்பதாக பிளேக் நம்பினார். பலகையின் உயரம் 22 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பது பலருக்கு வியப்பளிக்கும். பார்க்கும்போது அந்த உருவம் ஆளுயரத்துக்கு மேல் தெரிகிறது. மெட்டல் ஆல்பங்களுக்கென்றே வரையப்படும் பூதங்களைவிட இருநூறு ஆண்டுப் பழைய இந்தப் பூதம் அச்சமூட்டுகிறது.

எல்லாப் பாடல்களும் இந்த உலகத்துக்குள் ஒரே அளவில் அடங்கிவிடவில்லை. ஸ்மித்தோடு சேர்ந்து எழுதிய 'கில்லிங் ஃப்ளோர்', 'மெஷின் மென்' இரண்டும் நேரடியான மெட்டல் பாடல்கள். கருப்பொருளோடு அவற்றுக்குள்ள உறவு தளர்வானது. ஆனால் கடைசிப் பாடலான 'தி ஆல்கெமிஸ்ட்' அந்தத் தளர்வைச் சரிசெய்துவிடுகிறது. அதன் முடிவில் தலைப்புப் பாடலின் பல்லவி திரும்ப வருகிறது. பத்துப் பாடல்களும் ஒரே படைப்பு என்ற உணர்வு அப்போது உறுதிப்படுகிறது.

ஆல்பம் வந்த வேளையும் ரசிகர்களின் வரவேற்பில் பங்கு வகித்தது. அதே 1998இல் அயர்ன் மெய்டன், பிளேஸ் பெய்லியைப் பாடகராகக் கொண்டு 'விர்ச்சுவல் லெவன்' ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. பெய்லியின் குரல் தாழ்ந்த ஸ்தாயிக்குரியது. டிக்கின்சனுக்காக எழுதப்பட்ட பழைய பாடல்கள் மேடையில் அவருக்குச் சுமையாயின. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்ட ரசிகர்கள் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. போன பாடகரும் போன கிட்டார் கலைஞரும் சேர்ந்து செய்ததில் புதுமையும் துணிவும் இருந்தன. தாய்க்குழு தன் பழைய பாணியிலேயே தயங்கி நின்றது. பெய்லி உழைப்பாளி, அவர் காலத்திலும் நல்ல பாடல்கள் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டின் ஒப்பீடு அவருக்குச் சாதகமாக அமையவில்லை.

1999 தொடக்கத்தில் டிக்கின்சனும் ஸ்மித்தும் அயர்ன் மெய்டனுக்குத் திரும்பினார்கள். 2000இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' வந்தது. தனி வழி அதோடு நின்றுபோகவில்லை என்றாலும் அடர்த்தி குறைந்தது. 1999இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பதிவான 'ஸ்க்ரீம் ஃபார் மீ பிரேசில்' என்ற மேடைப் பதிவில் பாதிக்கும் மேற்பட்ட பாடல்கள் 'தி கெமிக்கல் வெட்டிங்' ஆல்பத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தின் குரல் பல்லவிகளில் பாடகரோடு சேர்ந்து ஒலிப்பதை அதில் கேட்கலாம். ராய் ஸீயின் கைவண்ணத்தை மற்றப் பாடகர்களும் நாடினார்கள்: ராப் ஹால்ஃபோர்டின் 'ரிசரக்‌ஷன்' (2000), ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'ஏஞ்சல் ஆஃப் ரெட்ரிபியூஷன்' (2005) ஆகியவை அவருடைய தயாரிப்பில் வந்தவை. முந்தையதில் டிக்கின்சனும் ஹால்ஃபோர்டும் சேர்ந்து ஒரு பாடல் பாடியிருக்கிறார்கள். பின்லாந்தில் ஓர் இளம் மெட்டல் குழு 'மெஷின் மென்' என்ற பாடலின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

அடுத்த தனி ஆல்பம் 'டிரனி ஆஃப் சோல்ஸ்' 2005இல் வந்தது. அதற்கடுத்த 'தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்' 2024 மார்ச்சில்தான். இடையில் 2015இல் நாக்கின் அடிப்பகுதியில் கண்ட புற்றுநோய்க்கு டிக்கின்சன் சிகிச்சை பெற்றுக் குணமடைந்திருந்தார். 2024 சுற்றுப்பயணத்தில் புதிய பாடல்களோடு 'தி கெமிக்கல் வெட்டிங்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல், 'கேட்ஸ் ஆஃப் யூரிசன்', 'தி ஆல்கெமிஸ்ட்', 'புக் ஆஃப் தெல்', 'தி டவர்' ஆகியவற்றையும் பாடினார். 1998–99 நிகழ்ச்சிகளைத் தவறவிட்ட தலைமுறைக்கு அவற்றை அவர் குரலில் நேரில் கேட்க அது ஒரு வாய்ப்பு.